உப்புத் தண்ணியும் ஏரிப் பாசியும்: மீன்தொட்டியில் நைட்ரேட்டை இறக்கிய கதை

மூன்றாவது ஈத்துக் கப்பிக் குஞ்சுகளிலும் பெரும்பாலானவை பத்து நாளுக்குள் ஒவ்வொன்றாக அடியில் படுத்துவிட்ட பிறகுதான் தண்ணீர் சோதிக்கும் கிட் வாங்கினேன். அதுவரை என் சோதனைக் கருவி கண்தான். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, வாடை இல்லை, பெரிய மீன்கள் கையைக் கண்டாலே தீனிக்கு ஓடி வருகின்றன. அப்புறம் என்ன குறை என்று இருந்துவிட்டேன்.

வீடு தர்மபுரியில், பென்னாகரம் ரோட்டுப் பக்கம். தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 106 லிட்டர் வரும். மேலே விடுகிற இடம், அடியில் கிடக்கும் மணல், கல் எல்லாம் போக 85 லிட்டர் என்று வாளிக் கணக்கில் அளந்து தொட்டியின் பக்கவாட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கப்பியும் மோலியுமாக முப்பது உருப்படி. கூடவே 'டேங்க் கிளீனர்' என்று சொல்லிக் கொடுத்த கறுப்பு மீன் ஒன்று. அது கண்ணாடியில் படிந்த பாசியை நக்குவது வாஸ்தவம்தான். ஆனால் தின்கிற அளவுக்குக் கழியவும் செய்கிறது. காலையில் பார்த்தால் மணல்மேல் நூல் நூலாகக் கிடக்கும். மீன் கழிவைத் தின்று தீர்க்கிற மீன் என்று ஒன்று கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

கிட் வந்த அன்று சோதித்ததில் நைட்ரேட் 20 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 20 மில்லிகிராம். நல்ல மஞ்சள் கலந்த ஆரஞ்சு. சந்தோஷமாகத் தூங்கினேன். மறுநாள் அட்டையிலிருந்த குறிப்பை முழுசாகப் படித்தபோதுதான் தப்பு தெரிந்தது. இரண்டாம் பாட்டிலில் மருந்து அடியில் படிந்து நிற்கும். அதை அரை நிமிடம் கை வலிக்கக் குலுக்கிவிட்டுத்தான் சொட்டு விட வேண்டும். விட்ட பிறகு குழாயையும் ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் நிற்க வைத்துப் பார்க்க வேண்டும். நான் இருமல் மருந்து மாதிரி இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுச் சொட்டு விட்டிருக்கிறேன். இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்ததும் குழாய் மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சாகி, கண்ணெதிரே சிவப்பாகிக்கொண்டே போனது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா, "என்னடா, ஆரத்தி கரைச்சி வச்சிருக்க?" என்றார். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்த அதே நிறம்.

நிற அட்டை 160உடன் முடிந்துவிடுகிறது. அந்தக் கடைசிச் சிவப்புகளில் எது எது என்று சொல்வதும் கஷ்டம். அதனால் ஒரு பங்கு தொட்டித் தண்ணீருக்கு மூன்று பங்கு ஆர்ஓ தண்ணீர் கலந்து சோதித்தேன். 40இன் நிறம் வந்தது. நான்கால் பெருக்கினால் 160. நோட்டில் மார்ச் 16 என்று தேதி போட்டு எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.

இந்த நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மீன் பெரும்பாலும் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே தள்ளுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி அதே அம்மோனியாவைக் கொடுக்கும். பில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்குக் கடும் விஷம். கொஞ்சம் ஏறினாலே ஆளைக் கொல்லும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, பெரிய மீன் தாங்கும். ஆனால் அது தானாக எங்கும் போகாது. சேர்ந்துகொண்டே இருக்கும். குஞ்சுகள்தான் முதலில் விழும். நம் பில்டர் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அவ்வளவு நைட்ரேட் சேரும்.

மீன் கடையில் கேட்டதற்கு, "வாரா வாரம் பாதித் தண்ணி மாத்துங்க, இறங்கிடும்" என்றார்கள். மூன்று வாரம் மாற்றினேன். எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை.

நான் பார்ப்பது மோட்டார் ரீவைண்டிங் வேலை. எரிந்த மோட்டார் கடைக்கு வந்தால் முதல் கேள்வி, "வீட்டுல வோல்டேஜ் எவ்வளவு வருது?" என்பதுதான். காயிலைச் சுற்றிக் கொடுத்துவிட்டுச் சப்ளையைப் பார்க்காமல் விட்டால், அடுத்த வாரமே அதே மோட்டார் திரும்பி வரும். தினமும் பத்துப் பேரிடம் கேட்கிற கேள்வியை என் தொட்டிக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் மூன்று தண்ணீர். ஒன்று நல்ல தண்ணி, அதாவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். இரண்டாவது உப்புத் தண்ணி, போரிலிருந்து வருவது. மூன்றாவது, ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணி; வீணாய்ப் போகிறதே என்று ஒரு வாளியில் பிடித்து வைப்போம். மூன்று குழாய் எடுத்து மூன்றையும் சோதித்தேன். நல்ல தண்ணி வெளிர் மஞ்சள், 5க்குள். போர் தண்ணீர் 40. ஆர்ஓ கழிவு 40க்கும் 80க்கும் நடுவில்.

இரண்டு வருடமாகத் தொட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தது அந்த மூன்றாவது வாளியைத்தான்.

ஆர்ஓ மெஷின் எந்த உப்பையும் அழிப்பதில்லை. பிரித்து, நல்லதை ஒரு பக்கமும் மிச்சத்தை இன்னொரு பக்கமும் தள்ளுகிறது. உள்ளே போன நைட்ரேட் முக்கால்வாசியும் கழிவு வாளியில்தான் விழும், அதுவும் அடர்த்தியாக. போதாக்குறைக்கு வெயில் காலத்தில் தொட்டியிலிருந்து தினமும் ஒரு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே இருக்கும். குறைந்த அளவுக்கு மறுபடி அதே வாளி. சிக்கனம் பிடித்துத் தொட்டியை ரசம் மாதிரி வற்ற வைத்திருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் என்றாலே பேச்சு ஃபுளோரைடைப் பற்றித்தான். பல்லில் பழுப்புக் கறை இல்லாத குடும்பம் குறைவு. அதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் திட்டம் வந்தது, 2013இல் திறந்தார்கள். ஃபுளோரைடு கருங்கல் பாறையிலிருந்து கரைந்து வருவது. நைட்ரேட் பெரும்பாலும் மேலேயிருந்து இறங்குவது: காட்டுக்குப் போடும் யூரியா, மாட்டுக் கொட்டகை, கழிப்பறைக் குழி. நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டினால் இன்னும் கூடும். படிகாரம், குளோரின், வடிகட்டும் துணி எதற்கும் மசியாது.

அப்படியானால் நல்ல தண்ணியையே தொட்டிக்கு ஊற்றலாமே என்று அம்மாவிடம் மெல்ல எடுத்தேன்.

"மனுசனுக்கே மூணு நாளைக்கு ஒருக்கா வருது. மீனுக்கு நல்ல தண்ணி கேக்குதா?"

அந்த வழி அன்றோடு அடைந்தது.

போர் தண்ணீரை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போட்டேன். தொட்டி 120இல் இருக்கிறது என்று வைப்போம். பாதியை எடுத்துவிட்டு 40 உள்ள தண்ணீரை ஊற்றினால் 80. மறுபடி பாதி மாற்றினால் 60. அப்புறம் 50. அப்புறம் 45. எத்தனை வாளி தூக்கினாலும் 40க்குக் கீழே போகவே முடியாது. இடையில் மீன் வேறு தன் பங்கைச் சேர்த்துக்கொண்டிருக்கும். ஏப்ரல் முழுக்க ஆர்ஓ கழிவை நிறுத்தி, வாரம் மூன்றில் ஒரு பங்கு போர் தண்ணீர் மாற்றினேன். தீனியை நாளைக்கு ஒரு கிராமிலிருந்து அரை கிராமாகக் குறைத்தேன். மே தொடக்கத்தில் 80. அதோடு நின்றுவிட்டது.

இனி செடிதான்.

முதலில் வைத்தது அசோலா. காரணம் ரொம்பச் சுலபம்: பின்பக்கத்துக் காட்டில் மாடு வைத்திருக்கும் அக்கா தீவனத்துக்கு அசோலாப் பாத்தி போட்டிருக்கிறார். கேட்டதும் ஒரு சட்டி நிறைய அள்ளிக் கொடுத்தார். "ரெண்டு நாள்ல ரெண்டு மடங்காவும் தம்பி" என்றார். ஆனதும் உண்மை. பத்து நாளில் தொட்டியின் மேல் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி மூடிவிட்டது. இவ்வளவு செடி வளர்ந்திருக்கிறதே, நைட்ரேட் பாதியாவது இறங்கியிருக்கும் என்று சோதித்தால், 80. இரண்டு வாரம் கழித்து மறுபடி 80.

அசோலா எதற்குப் பேர்போனது என்பது நெல் வயலில் அதைப் போடுகிறவர்களுக்குத் தெரியும். அதன் இலைக் குழிகளுக்குள் அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது. அது காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துவிடும். வீட்டிலேயே சமையல் நடக்கிறவன் எதற்கு என் தொட்டியில் வந்து கையேந்தப் போகிறான்? பாத்தியில் அக்கா சாணியும் சூப்பர் பாஸ்பேட்டும் போடுவார், யூரியா போடுவதில்லை. அதைக் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. முழுவதையும் வடிகட்டியால் அள்ளி மாட்டுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

கடையில் ஆகாயத்தாமரை வைத்திருந்தார்கள். அது நைட்ரேட்டை நன்றாகவே இழுக்கும். ஆனால் தப்பித்தவறி ஒரு செடி வெளியே ஓடையில் போய்ச் சேர்ந்தால், ஏரியை மூடிவிட்டுத்தான் ஓயும். வேண்டாம் என்று விட்டேன்.

அப்புறம்தான் ஹைட்ரில்லா. பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக் குழாய் வைத்து, வெயிலில் குமிழ் விட வைப்பார்களே, அதே செடி. எங்கள் பக்கம் ஏரிப் பாசி என்றால் போதும். காசு கொடுக்க வேண்டியதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. நம் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். கெட்டிலில் வெள்ளைப் பொருக்கு கட்டும். அழகுத் தொட்டிகளில் வளர்க்கும் பல செடிகள் இதில் தவித்துப்போகும். அவற்றுக்குக் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வேண்டும், அதற்குச் சிலிண்டர் வைப்பார்கள். ஹைட்ரில்லா தண்ணீரிலிருக்கும் பைகார்பனேட்டையே பிய்த்துக் கார்பனை எடுத்துக்கொள்ளும். நல்ல வெளிச்சத்தில் அதன் இலைமேல் மாவு பூசின மாதிரி வெள்ளையாகப் படியும். அது அந்த வேலையில் மிஞ்சிய சுண்ணாம்பு. நோய் என்று பயந்து முதல் வாரம் நான் அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஜூன் முதல் ஞாயிறு பையனைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போய் ஒரு வாளி வாரி வந்தேன். மூன்று தடவை அலசினேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை ரோஜா நிறத்தில் கரைத்துப் பத்து நிமிடம் முக்கி எடுத்தேன். போதும் என்று தொட்டியில் போட்டுவிட்டேன்.

ஒரு வாரத்தில் மிச்சமிருந்த கப்பிக் குஞ்சுகள் பதினொன்றில் நான்கைக் காணோம். செத்தும் கிடக்கவில்லை. ஐந்தாவது காணாமல் போகும்போது பையன் பார்த்துவிட்டான். "அப்பா, இங்க ஒரு குச்சி இருக்கு, அதுக்குக் கண்ணு இருக்கு." டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹைட்ரில்லாத் தண்டோடு தண்டாக, அதே அழுக்குப் பச்சையில், ஒரு அங்குல நீளத்தில் ஆறு காலோடு ஒட்டியிருந்தது. தட்டான்பூச்சி இறக்கை முளைப்பதற்கு முன் தண்ணீருக்குள் வாழ்கிற பருவம் அது. அசையவே இல்லை. ஒரு குஞ்சு அரை அங்குலத் தூரத்தில் வந்ததும் முகத்துக்கு அடியிலிருந்து மடக்கி வைத்திருந்த கைபோல ஒன்று நீண்டது. குஞ்சு அதன் வாயில் இருந்தது. நீண்டதையும் மடங்கியதையும் கண் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இடுக்கியால் எடுத்து ஏரிக்கே கொண்டுபோய் விடச் சொன்னான் பையன். விட்டோம். அன்றிலிருந்து ஏரிச் செடி எது வந்தாலும் இரண்டு வாரம் வாளியில் தனியாகக் கிடந்துதான் தொட்டிக்குள் போகும். ரோஜாத் தண்ணீர் முக்கல் நத்தைக்கும் பூச்சிக்கும் முழுக் காவல் இல்லை.

செடி பிடித்துக்கொண்டது. 18 வாட் எல்இடி ஒன்று இருந்தது, இன்னொன்று சேர்த்து, டைமரில் நாளைக்கு எட்டு மணி நேரம். ஜூன் கடைசியில் தொட்டியின் பின்பாதி காடு. நைட்ரேட் 60 மாதிரித் தெரிந்தது. அட்டையில் 40க்கும் 80க்கும் நடுவில் எதுவும் கிடையாது, என் கண் சொன்னது.

பிறகு நான் செய்த காரியம்தான் முட்டாள்தனம். அழகாக இருக்கிறதே என்று கிள்ளாமல் விட்டேன். ஜூலை இரண்டாம் வாரம் வளர்ச்சி நின்றது. மேல்மட்டத்தில் பின்னிக்கொண்டு வெளிச்சத்தை மறைத்ததால் அடித்தண்டுகள் பழுப்பாகிக் கழன்று விழுந்தன. நைட்ரேட் மறுபடி 80 பக்கம் ஏறியது.

அன்று ராத்திரி கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்ட கணக்கை அப்படியே இங்கே தருகிறேன். தீனிப் பாக்கெட்டில் புரதம் 40 சதவீதம் என்று போட்டிருக்கிறது. புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக ஒரு கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன். மீன் தன் உடம்புக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். முக்கால் பங்கு தண்ணீருக்கு வருகிறது என்று வைத்தால் 48. நைட்ரஜனை நைட்ரேட் எடையாக மாற்ற 4.43ஆல் பெருக்க வேண்டும். சுமார் 212 மில்லிகிராம். 85 லிட்டருக்கு வகுத்தால் 2.5 பிபிஎம். ஒரு கிராம் தீனி போட்டால் நாளைக்கு இரண்டரை ஏறும். நான் போடும் அரை கிராமுக்கு வாரம் எட்டு, ஒன்பது.

எதிர்ப்பக்கக் கணக்குக்கு ஹைட்ரில்லாவை 100 கிராம் நிறுத்து, மொட்டை மாடியில் முறத்தில் போட்டுக் காய வைத்தேன். வடகம் என்று நினைத்து அம்மா இரண்டு தடவை புரட்டிவிட்டிருக்கிறார். நன்றாக மொறுமொறுவென்று காய்ந்ததை சமையல் தராசில் வைத்தால் 8 கிராம். மீதி 92 கிராமும் வெறும் தண்ணீர். காய்ந்த நீர்ச்செடியில் நைட்ரஜன் தோராயமாக மூன்று சதவீதம் என்று எடுத்தால் 240 மில்லிகிராம். 4.43ஆல் பெருக்கி 85ஆல் வகுத்தால் 12 பிபிஎம் சொச்சம்.

ஒரு கைப்பிடிப் பாசியை, 100 கிராமை, கிள்ளி வெளியே போட்டால் தொட்டியிலிருந்து 12 பிபிஎம் வெளியே போகிறது. கிள்ளாமல் விட்டால் அந்த 12ம் தொட்டிக்குள்தான் பச்சையாக நிற்கிறது. அழுகினால் திரும்பி வரும். செடி நைட்ரேட்டைக் குறைப்பதில்லை, கட்டி வைக்கிறது. மூட்டையை வெளியே தூக்குவது என் வேலை. ஏரிகளில் ஆகாயத்தாமரை வருடா வருடம் படர்ந்து, அங்கேயே அழுகி, மறுபடி படர்வதும் இதே கதைதான். வாரி எடுக்க ஆள் இல்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் கத்தரிக்கோலும் தராசும். முனையை விட்டு அடித்தண்டை எடுப்பேன். இளம் முனைகள்தான் வேகமாக வளரும், அவற்றை மறுபடி கல்லில் கட்டிப் போடுவேன். வாரம் 150 கிராம் எடுத்தேன். எடுத்ததெல்லாம் கறிவேப்பிலை மரத்தடிக்கு. மரம் இந்த வருடம் தளிர்த்த தளிரைப் பார்த்து அம்மாவுக்குக் கொஞ்சம் இளக்கம்.

கூடவே மணி பிளான்ட். அடுப்படி ஜன்னலில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் எத்தனையோ வருடமாக நிற்கும் அதே கொடிதான். கணு உள்ள துண்டுகளாக ஆறு வெட்டி, மேல் பில்டரின் தட்டில் நட்டேன். கணு தண்ணீரில், இலை வெளியே. இலை முங்கினால் அழுகிவிடும். இந்தச் செடிக்குள்ள பெரிய வசதி, கார்பனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், தண்ணீரில் தேட வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் வெள்ளை வேர், ஒரு மாதத்தில் தாடி. அந்தத் தாடி ஒரு ராத்திரி பில்டரின் வெளிப்போக்கை அடைத்து, தண்ணீர் தட்டிலிருந்து வழிந்து டிவி ஸ்டாண்டுக்குள் போனது தனிக்கதை. இப்போது வேரை மாதம் ஒருமுறை வெட்டிவிடுகிறேன். வெட்டிய கொடியை மட்டும் மாட்டுக்குப் போடக் கூடாது. அதன் சாற்றில் ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகம் இருக்கும், வாயும் தொண்டையும் எரிந்துபோகும். அசோலா மாதிரி நினைத்து அக்கா கேட்டார், கொடுக்கவில்லை.

ஆடிக் காற்றில் ஒரு ராத்திரி இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது. ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் மோலிகள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக நிற்கின்றன. இரண்டு மல்லாந்து கிடக்கின்றன. பகலில் குமிழ் விட்டுப் பிராணவாயு கொடுத்த அதே செடி, இருட்டில் நம்மைப் போல மூச்சு வாங்கும். செடி எவ்வளவு அடர்த்தியோ, ராத்திரியில் அவ்வளவு பங்காளி. ஏர் பம்ப் ஓடுகிறவரை இது தெரியாது. சொம்பில் மொண்டு, டீ ஆற்றுவது போல உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றி, கரண்ட் வந்த ஆறே முக்கால் வரை நின்றேன். கை மரத்துவிட்டது. மற்றவை பிழைத்தன. இப்போது பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று, கரண்ட் போனால் தானே எடுத்துக்கொள்கிற மாதிரி மாட்டியிருக்கிறேன். தினமும் மோட்டாரோடு புரள்கிறவன் இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

நோட்டில் அதன்பிறகு வரும் எண்கள்: ஆகஸ்ட் 3 அன்று 40. ஆகஸ்ட் 24 அன்று 20. செப்டம்பர் 14 அன்று 10.

10 வந்த அன்று ஒரு வேடிக்கை. பழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன். சாயங்காலம் சோதித்தால் 20. சப்ளை 40, தொட்டி 10. நான் 'சுத்தம்' செய்கிற ஒவ்வொரு தடவையும் நைட்ரேட்டைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருக்கிறேன்! அதனால் மாற்றுவதை மாதம் ஒருமுறை ஆக்கினேன். ஆவியாகும் அளவுக்கு மழைத் தண்ணீர். முதல் மழையை மாடி கழுவ விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து வைக்கிறேன். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் நைட்ரேட்டைச் செடி தின்றாலும் மற்ற உப்புகள் ஏறிக்கொண்டே போகும்.

மாதாந்திர மாற்றத்துக்கு இப்போது மாடியில் ஒரு ஏற்பாடு. நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, 50 லிட்டர் போர் தண்ணீர் நிரப்பி, கிள்ளிய ஹைட்ரில்லாவில் அரைக் கிலோ போட்டு, பாதி நிழல் பாதி வெயிலில் வைத்திருக்கிறேன். 40இல் போனது பன்னிரண்டு நாளில் 10 பக்கம் வந்துவிடுகிறது. திறந்த தண்ணீர் என்றால் கொசு வரும். டெங்குச் சோதனைக்கு வந்த சுகாதாரப் பணியாளர் டிரம்மைக் கண்டதும் கவிழ்க்கவே போய்விட்டார். உள்ளே ஐந்து கப்பி ஓடுவதைக் காட்டினேன். டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்துவிட்டு, ஒரு புழுவும் இல்லை என்று அட்டையில் கையெழுத்துப் போட்டுப் போனார்.

பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோகும் ஆசை எனக்கு இல்லை. ஒருமுறை 5க்குக் கீழே போனபோது ஹைட்ரில்லா வெளிறிப்போய் நின்றுவிட்டது. செடிக்கும் சாப்பாடு வேண்டும். 10க்கும் 20க்கும் நடுவில் ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன். நான்காவது ஈத்தில் இருபத்திரண்டு குஞ்சு. பதினெட்டு இப்போது வால் நிறம் காட்டுகின்றன.

கிட்டில் மருந்து இன்னும் பாதி இருக்கிறது. அக்டோபரில் மாட்டுக்கார அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "உன் மீன் தண்ணிய பாக்குற மருந்துல என் போர் தண்ணிய ஒருக்கா பாரு தம்பி." அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், குழந்தைக்கு நாற்பது நாள். பால் போதாமல் பவுடர் பால் கரைத்துக் கொடுக்கிறார்கள். வீடு காட்டுக்குள், ஒகேனக்கல் குழாய் அங்கே இல்லை. போர், மாட்டுக் கொட்டகையிலிருந்து இருபதடி.

குலுக்க வேண்டிய அளவு குலுக்கினேன். ஐந்து நிமிடம் போவதற்குள்ளேயே குழாய் ஆரத்தி நிறத்துக்குப் போய்விட்டது. கலந்து பார்த்ததில் 80க்கு மேல்.

இது மீன்தொட்டிக் கிட், இதை வைத்து முடிவு கட்டக் கூடாது, குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் பாட்டில் கொடுத்துப் பாருங்கள் என்று சொன்னேன். குடிநீருக்கு இந்தியத் தர அளவு 45 என்பதையும், அது பெரியவர்களைவிடக் கைக்குழந்தையை நினைத்துத்தான் பார்க்கப்படுகிறது என்பதையும் சொன்னேன். நைட்ரேட் கூடினால் சின்னக் குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். "நல்லாக் கொதிக்க வச்சித்தான் கரைக்கிறோம்" என்றார் அக்கா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இது போகாது என்று சொல்லும்போது எனக்கே குரல் இறங்கிவிட்டது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். உள்ளே போய், அன்று காலை பிடித்த நல்ல தண்ணிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் இடுப்பில் ஏற்றிவிட்டார். இப்போது தண்ணீர் விடும் நாளெல்லாம் எங்கள் பிடிப்பில் ஒரு குடம் அந்த வீட்டுக்குப் போகிறது. மீனுக்கு இன்னும் கிடையாது.